மோட்டார் லைட் எரிந்த ஊர்

பல்லடத்திலிருந்து பொங்கலூர் போகிற வழியில், காற்றாலைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நடுவே இருக்கும் ஊசிப்பாளையத்தில், எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நெஞ்சைப் பார்ப்பது கொஞ்ச காலமாகவே வழக்கமாகிவிட்டது, அதை ஆணோ பெண்ணோ யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதுமில்லை. இது எங்கே ஆரம்பித்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் சென்னியப்பனின் ஜெர்மன் காரில்தான் என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், ஏனென்றால் தீவனம் வைக்க வேண்டியது, தறி ஓட்ட வேண்டியது என்று அங்கே எல்லோருக்கும் வேலை நிறைய இருந்தது.

சென்னியப்பன் கறிக்கோழிப் பண்ணைக்காரன். அளந்து பேசுகிறவன். பறவைக் காய்ச்சல் வந்த வருஷம் கொட்டகைக் கோழி மொத்தத்தையும் சுண்ணாம்பு போட்டுக் குழியில் மூடிவிட்டு, அடுத்த வருஷமே மறுபடியும் குஞ்சு இறக்கி, மெல்ல மெல்ல மேலே வந்தவன். வந்ததும் அவன் செய்த முதல் காரியம், வீட்டுக்கு மாடி எடுக்காமல், தோட்டம் வாங்காமல், கொச்சியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வைத்திருந்த கருநீல ஜெர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்ததுதான். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. வெளியே பார்த்தால் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற எந்தக் காரையும் போல அடக்கமாக இருக்கும், காலை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், வயிறு மட்டும் பின்னாடியே தங்கிவிட்டு அடுத்த ஊரில் வந்து சேர்ந்துகொள்ளும். தினமும் விடியற்காலையில், கோழிகளுக்குத் தீவனம் வைக்கிற நேரத்துக்கு முன்னால், சென்னியப்பன் அதை எடுத்துக்கொண்டு பைபாசுக்குப் போவான். போகிற சத்தமும் வருகிற சத்தமும் ஊர் முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டீக்கடையில் அடுப்புப் பற்றவைத்தார்கள்.

அப்படிப்பட்ட காரை வாங்குவது ஒரு வேலை, வைத்திருப்பது வேறு வேலை. ஊசிப்பாளையத்து வேகத்தடைகள் மாட்டுவண்டிச் சக்கரத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை, அவற்றின் மேல் காரைக் குறுக்கு வாட்டத்தில், நிறைமாதப் பசுவை ஓட்டிப்போகிற மாதிரி ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. குளிர் தேசத்தை நினைத்துச் செய்த பிளாஸ்டிக் குழாய்கள் பல்லடத்து வெயிலில் முறுக்கு மாதிரி நொறுங்கின. தீவன மூட்டைக்கு வந்த எலிகள் ஒயரின் ருசியைக் கண்டுபிடித்தன. சென்னியப்பன் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டப் பழகினான். இன்ஜின் இரண்டாயிரம் சுற்றில் ஓடும்போது வருகிற டிக்டிக், பிரேக் பிடிக்கும்போது வருகிற கிறீச், நிறுத்தின பிறகு சூடு தணிகிறபோது வருகிற சின்னச் சின்ன முனகல், எல்லாவற்றுக்கும் அவனுக்குத் தனித்தனியாக அர்த்தம் தெரிந்தது. அவன் வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி சுலோச்சனா ஏதாவது பேசினால், “கொஞ்சம் இரு, ஒரு சத்தம் வருது” என்பான். அவள் கொஞ்சம் இருப்பாள். சத்தம் நிற்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும், அல்லது மறந்துபோனதாக அவள் வைத்துக்கொள்வாள்.

முதல் வெயில் காலத்திலேயே, வேக முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு சின்ன இன்ஜின் படம் எரிய ஆரம்பித்தது.

அந்த மாதிரிக் கார்களுக்குக் கை வைக்கிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே போத்தனூர் அமானுல்லா ஒருவர்தான். தகரக் கொட்டகைப் பட்டறை. காரில் வருகிற ஒவ்வொரு கோளாறையும் தன்னோடு யாரோ வேண்டுமென்றே வம்புக்கு வருகிற மாதிரி எடுத்துக்கொள்வார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்பார்.

“எப்ப இருந்து?”

“போன வாரத்துல இருந்துங்க பாய்.”

“சூட்டுலயா, குளிர்லயா? மேடு ஏறும்போதா, சமதளத்துலயா?”

“சூடானதுக்கு அப்புறம். மேட்டுல.”

“அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் “ஒண்ணும் நடக்கலை” என்றுதான் சொல்வார்கள், அமானுல்லாவும் அதை நம்பியதில்லை.

“லைட்டு எரியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குது தம்பி,” என்றார். “பெட்ரோல் மூடியைச் சரியா திருகலைன்னாலும் எரியும், உள்ளே பிஸ்டன் உடைஞ்சாலும் அதே லைட்டுத்தான் எரியும். பார்த்துச் சொல்ல முடியாது. ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நின்னு எரிஞ்சா ஓட்டிட்டே வரலாம். மினுக்கு மினுக்குன்னு மினுக்குனா ஓரங்கட்டி நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு அடி ஓட்டக் கூடாது.”

அவர் பிளக்குகளை மாற்றினார், அவற்றுக்குத் தீப்பொறி தருகிற காயில்களை மாற்றினார், சைலன்சரில் இருக்கிற சென்சாரை மாற்றினார், இன்ஜினுக்குள் புகையை விட்டு எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் லைட் அணையும், ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் காரணம்பேட்டை நால்ரோட்டைத் தாண்டும்போது மறுபடி எரியும். சிலர் அந்த லைட்டின் மேல் கருப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதுண்டு. சென்னியப்பனும் ஒரு சுருள் டேப் வாங்கி வைத்தான், அமானுல்லா அதைப் பார்த்துவிட்டார். “லைட்டை மறைக்கறவன் காரை விக்கப் போறவன். விக்கப் போறீங்களா?” என்றார். சென்னியப்பன் டேப்பை டூல்ஸ் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டான்.

கடைசியாக ஒரு நாள் மத்தியானம், அமானுல்லா தன் கருவியைச் சொருகி, லைட்டை அழித்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “இனிமே இது இங்கே வராது” என்றார். அவர் சொன்ன சொல் அப்படியே பலித்தது. அது அங்கே வரவில்லை.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றில் விட்டுக்கொண்டிருந்த சுலோச்சனா கரண்டியை நிறுத்தினாள்.

“ஏனுங், நெஞ்சுல என்னங்க அது?”

குனிந்து பார்த்தான். பனியனுக்குள்ளே, இடது பக்கம், பழைய ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்துகொண்டிருந்தது.

“காருல இருந்த லைட்டு,” என்றான்.

“வலிக்குதுங்களா?”

“இல்லை.”

“சுடுதுங்களா?”

அவன் தொட்டுப் பார்த்தான். “வெதுவெதுன்னு இருக்குது.”

சுலோச்சனா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “ரசம் ஊத்தட்டுங்களா?” என்றாள்.

மறுநாள் பல்லடத்தில் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்றார், தோல் டாக்டர் காலையும் மாலையும் தடவ ஒரு களிம்பு கொடுத்தார். அமானுல்லாவோ தன் கருவியின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னியப்பனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “சொருகறதுக்கு எடம் இல்லையே” என்று வருத்தத்தோடு சுருட்டி வைத்துவிட்டார். கார் மட்டும் லைட் எதுவும் இல்லாமல், புதுசு மாதிரி ஓடியது.

அந்த வாரத்திலேயே டீக்கடை ஆறுக்குட்டிக்கு எரிந்தது, பிறகு பால் சொசைட்டியில் அளக்கிற அம்மாவுக்கு, பிறகு மாரியம்மன் கோயில் பூசாரிக்கு, அவருக்குச் சட்டை போடுகிற வழக்கம் இல்லாததால் அது மறைக்க வழியில்லாமல் அபிஷேக நேரத்தில் அம்மனின் முகத்திலேயே மஞ்சளாக விழுந்தது. இன்ஜின் படம் என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியவில்லை, பார்ப்பதற்குக் கிணற்றடிப் பம்புசெட் மாதிரியே இருந்ததால் ஊர் அதற்கு மோட்டார் லைட் என்று பெயர் வைத்தது. வைத்த பிறகு, கண்வலி ஊருக்கு வந்தால் எப்படி வீட்டுக்கு வீடு போகுமோ அப்படிப் போனது. ஆனால் கண்வலிக்கு வேப்பிலை கட்டுகிற மாதிரி இதற்கு என்ன கட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் எல்லோரும் மறைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு எலக்ட்ரிக் கடையில் கருப்பு டேப் தீர்ந்துபோனது. தையல்காரர்கள் சட்டையின் இடது பையை இரட்டைத் துணியில் தைத்தார்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிரமப்பட்டார்கள், பஞ்சாயத்துத் தலைவர் கட்சிக் கூட்டத்துக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டபடி, “லைட் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்கள், தரகர் சிரித்துக்கொண்டே, “லேசா இருக்குதுங்க, பெட்ரோல் மூடிச் சமாச்சாரம்தான்” என்றார். மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாத் தேர் நிலைக்கு வருகிற நேரத்தில் கரண்ட் போனது. கோயில் மைதானம் முழுக்க, சேலைக்குள்ளேயும் வேட்டியின் மேல் துண்டுக்குள்ளேயும், ஒட்டின டேப்பின் ஓரங்களிலேயும், நூற்றுக்கணக்கில் மஞ்சள் லைட்டுகள் எரிவதை எல்லோரும் எல்லோருக்கும் தெரியப் பார்த்தார்கள். கரண்ட் வந்ததும் தேர் வடத்தை மறுபடி பிடித்தார்கள். ஆனால் அடுத்த நாளிலிருந்து எலக்ட்ரிக் கடையில் டேப் விற்கவில்லை.

மினுக்குகிற விஷயத்தை ஊர் கற்றுக்கொண்டது ஆறுக்குட்டியால். உடுமலை பஸ்ஸில் நின்றுகொண்டு போனவனுக்கு நடுவழியில் மினுக்க ஆரம்பித்தது. சென்னியப்பன் அமானுல்லா சொன்னதை ஏற்கெனவே டீக்கடையில் சொல்லியிருந்தான், அதனால் கண்டக்டர் விசிலை ஊதினார், டிரைவர் புளியமரத்தடியில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், “எப்ப இருந்து?” என்றார். ஆறுக்குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு ரொம்ப வருஷம் ஆகிவிட்டது என்றும், அந்த வீடு அடுத்த கிளை ரோட்டில்தான் இருக்கிறது என்றும், ஒவ்வொரு முறை தாண்டும்போதும் இப்படித்தான் இருக்கிறது என்றும் சொன்னான். டிரைவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ரூட்டில் இல்லாத அந்தக் கிளை ரோட்டில் பஸ்ஸைத் திருப்பி, அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அண்ணிக்காரி கதவைத் திறந்து, தம்பியையும் அவன் பின்னால் நின்ற பஸ்ஸையும் பார்த்து, எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று கேட்டாள். லைட் அணையவில்லை, ஆனால் மினுக்குவது நின்றது.

அதற்குப் பிறகு ஊசிப்பாளையத்தில் இது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. யாருக்காவது மினுக்கினால் தறி நிற்கும், பஸ் நிற்கும், ஒரு முறை கல்யாண மேளமே நின்றது. பார்த்தவர்கள் “சாப்பிட்டாச்சா” என்று கேட்பதற்குப் பதிலாக, “சூட்டுலயா, குளிர்லயா?” என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்கப்பட்டவர்களும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்கள். கார்க் கம்பெனியிலிருந்து டை கட்டின ஒருவர் வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்து, டீ குடித்து, “இந்த மாடல்ல இது நார்மல்தான் சார்” என்று சென்னியப்பனிடம் சொல்லிவிட்டு, சட்டைப் பையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

இத்தனை நடந்தும் லைட் வராத ஒருத்தி ஊரில் இருந்தாள் என்றால் அது சுலோச்சனா. புருஷன் வாங்கின காரால் ஊருக்கே வந்தது, பக்கத்தில் படுக்கிறவளுக்கு வரவில்லை என்று பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். என்ன எண்ணெய் ஊற்றிச் சமைக்கிறாள், எந்தக் கோயிலுக்கு விரதம் இருக்கிறாள் என்று விசாரித்தார்கள். கல்யாண வீடுகளில் குத்துவிளக்கு ஏற்ற அவளைக் கூப்பிட்டார்கள். பூசாரி திருநீறு கொடுக்கும்போது அவளுக்கு மட்டும் ஒரு எலுமிச்சம்பழம் சேர்த்துக் கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சென்னியப்பனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வீட்டு ஆட்களில் ஒருத்தியாவது கோளாறு இல்லாமல் ஓடுகிறாளே என்று நினைத்தான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலை, பைபாசில் மேட்டில் ஏறும்போது, கார் திடீரென்று மூச்சுப் பிடித்துக்கொண்டது. டர்போ இரண்டும் கைவிட்டன. சொல்வதற்கு அதனிடம் லைட் இல்லை என்பதால் முன்கூட்டியே எதுவும் சொல்லவும் இல்லை. அந்தக் கார்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு, உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள நொண்டி நடையில் போக ஆரம்பித்துவிடும், எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. சென்னியப்பன் அதைத் திருப்பி, சைக்கிள் வேகத்தில், சத்தமே இல்லாமல் ஊருக்குள் கொண்டுவந்தான். டீக்கடையில் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

வேகத்தடை இல்லாத பின்தெரு வழியாக வீட்டுத் திருப்பத்தில் வந்தபோது கேட் திறந்திருப்பதைப் பார்த்தான். சுலோச்சனா நடு ரோட்டில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பைபாஸ் இருக்கிற திசையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்கிறவள் மாதிரி நின்றாள். தெருவிளக்கு இல்லாத இடம். அவளுக்கு முன்னால் இருந்த வேலிக் கம்பிகளின் மேல் மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போனது. சென்னியப்பன் அது தன் காரின் இண்டிகேட்டர் என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். இண்டிகேட்டர் போடவில்லை.

அவன் இருந்த இடத்திலேயே, ரோட்டுக்கு நடுவே, காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். கதவுச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். நெஞ்சில் ஒட்டியிருந்த கருப்பு டேப் வியர்வையில் ஒரு பக்கம் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“சத்தமே வரலைங்களே,” என்றாள்.

“நொண்டிட்டு வந்துச்சு. வா, இங்க வந்து உக்காரு.”

“பால் வண்டி வர்ற நேரமுங்க. காரை ஓரமா விடுங்க.”

“உக்காரு முதல்ல.”

இடது பக்கக் கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தான். தான் ரோட்டில், அவள் காலடியில் குந்தினான். கோளாறு பார்க்கிற விதம் அவனுக்கு ஒன்றுதான் தெரியும்.

“எப்ப இருந்து?”

அவள் உரிந்த டேப்பை அழுத்தி ஒட்டப் பார்த்தாள்.

“எப்ப இருந்து எரியுது சுலோச்சனா?”

“கார் வந்த அன்னிக்கே.”

“எனக்கு வர்றதுக்கு முன்னாடியா?”

“ஆமாங்க. உங்களுக்கு வந்ததைப் பார்த்தப்பத்தான் இது என்னதுன்னே தெரிஞ்சுது. அதுவரைக்கும் ஏதோ தோல்ல வர்ற படைன்னு நெனைச்சு மஞ்சள் அரைச்சுப் போட்டுட்டு இருந்தேன். அப்புறம் உங்க டூல்ஸ் பெட்டியில டேப் இருந்துச்சு.”

பால் வண்டி வந்தது. டிரைவர் ஹாரனில் கை வைத்தவர், மினுக்குவதைப் பார்த்துவிட்டு, கையை எடுத்து, ஹெட்லைட்டையும் இன்ஜினையும் அணைத்தார். பின்னால் தீவன லாரி ஒன்று வந்து அதுவும் அணைத்தது.

“சூட்டுலயா, குளிர்லயா?”

“விடியாலதாங்க. நீங்க கேட்டைத் தாண்டுனதும் மினுக்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் திரும்பி வந்துச்சுன்னா நின்னுரும். அப்புறம் நாள் பூரா சும்மா எரியும்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். டயரைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். மூன்றாவது சிலிண்டரின் காயில் எப்போது போகப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்தவன் அவன்.

“அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

 லாரிக்குப் பின்னால் ஒரு டெம்போவும் வந்து நின்றுவிட்டது.

“செருப்பைக் கழுவுனேன்,” என்றாள்.

“எந்தச் செருப்பை?”

“உங்க செருப்பை. கோழியெல்லாம் குழியில போட்ட அன்னிக்கு மறுநாள். வாய்க்கா மேட்டுல ரெண்டும் ஜோடியா இருந்துச்சு. ஆடு மேய்க்கற அக்காதான் பார்த்துட்டு வந்து சொன்னாங்க. நீங்க வீட்டுல படுத்துத் தூங்கிட்டு இருக்கீங்க. கால் பூரா சேறு. நான் போயி எடுத்துட்டு வந்து, கழுவி, வாசல்ல வெச்சுட்டேன். நீங்க எந்திரிச்சு மாட்டிட்டுப் போனீங்க. ஒண்ணும் கேக்கலை. நானும் கேக்கலை.”

வாய்க்காலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் எதற்கு இறங்குவார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“அதுக்குத்தான் போனீங்களா?” என்றாள்.

“ஆமா.”



“அப்புறம்?”

“தண்ணி இல்லை.”

“என்னதுங்க?”

“வாய்க்கால்ல தண்ணி இல்லை. அன்னிக்கு நம்ம பாசன மண்டலத்துக்குத் தண்ணி முறை இல்லை. அடுத்த மண்டலத்துக்குத் திருப்பிவிட்டுருந்தாங்க. நடுவுல கணுக்கால் அளவுக்குச் சேறுதான் கெடந்துச்சு. இறங்கிப் பார்த்தேன். நின்னேன். காலுதான் அழுக்காச்சு. ஏறி வந்துட்டேன். செருப்பு ஞாபகம் வரலை.”

சுலோச்சனா அவனையே பார்த்தாள். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு.

“முறைத் தண்ணி எந்த மண்டலத்துக்கு விட்டுருக்கான்னு கூடப் பார்க்காமலா போவாங்க ஒரு விவசாயி?”

“அந்த வருஷம் எதையும் பார்க்கற நெலமைல இல்லை.”

“தண்ணி வந்துருந்தா?”

அவன் பொய் சொல்லவில்லை. “தெரியலை,” என்றான்.

சிரிப்பு நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டாள். “அப்ப இந்தக் கார் எதுக்குங்க? தினமும் அந்த வேகத்துல அங்க எதுக்குப் போறீங்க? இன்னிக்கு, இன்னிக்குன்னு நானும் நின்னுட்டே இருக்கறேன்.”

“அதுக்கு இல்லை.”

“பின்ன?”

சென்னியப்பனுக்குச் சொல்லிப் பழக்கமில்லை. தப்பான சாவியைப் போட்டுத் திருகுகிறவன் மாதிரி இரண்டு மூன்று முறை ஆரம்பித்து நிறுத்தினான். “சும்மா உக்காந்துருந்தா அந்தக் குழிதான் வருது. கோழி, சுண்ணாம்பு, அந்த நாத்தம். முள்ளு இரநூறைத் தொட்டுட்டா எதுவும் வராது. அந்த வேகத்துல ஒண்ணே ஒண்ணைத்தான் யோசிக்க முடியும். ரோட்டுல குழி இருக்குதா, நாய் வருதா, எங்க பிரேக் புடிக்கறது, முழுசா வீடு வந்து சேர்றது. அது ஒண்ணுதான். தினமும் கெளம்பறதுக்கு முன்னாடி நாலு டயருக்கும் காத்துப் பார்க்கறேனே, நீ பார்த்ததில்லையா? சாகப் போறவன் காத்துப் பார்ப்பானா?”

“பார்த்துருக்கறேன். அதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு தெரியலைங்க.”

“கேட்டுருக்கலாமில்ல.”

“ஒரு சத்தம் வருது, இருன்னு சொல்லுவீங்க.”

அவன் அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடிந்துவிட்டது. வேலிக் கம்பிகளின் மேல் வந்து வந்து போன வெளிச்சம் எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை. பால் வண்டிக்காரர்தான் கவனித்தார். அவர் இன்ஜினைக் கிளப்பினார், லாரியும் டெம்போவும் கிளப்பின. சென்னியப்பன் எழுந்து காரை ஓரமாகத் தள்ளினான், தீவன லாரியின் ஆட்கள் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார்கள்.  பால் வண்டிக்காரர் கடந்து போகும்போது, “இப்ப எப்படிங்க இருக்குது?” என்றார். “நின்னு எரியுதுங்க,” என்றாள் சுலோச்சனா.

அவளுக்கும் லைட் இருக்கிறது என்ற செய்தி பால் போன வீட்டுக்கெல்லாம் பாலோடு போனது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. பூசாரி எலுமிச்சம்பழம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார், குத்துவிளக்கு ஏற்ற அவளைத் தொடர்ந்து கூப்பிட்டார்கள். கார் வந்த அன்றைக்கே அவளுக்குத்தான் முதலில் எரிந்தது என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை, அதனால் ஊரில் இன்றைக்கும் சென்னியப்பன்தான் முதல் ஆள்.

அமானுல்லா காரை இழுத்துக்கொண்டுபோய், டர்போவிலிருந்து போகிற குழாயில் ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றுக்கும் இதுதான் காரணமா என்று சென்னியப்பன் கேட்டதற்கு, “கார் நொண்டுனதுக்கு இது காரணம்” என்று மட்டும் சொன்னார். குழாய் ஜெர்மனியிலிருந்து வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் சென்னியப்பன் விடியற்காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தான், குழி ஞாபகத்துக்கு வந்தது, வந்ததை அடுப்படியில் உட்கார்ந்து சுலோச்சனாவிடம் சொன்னான். அவள் டிகாஷன் இறங்குகிற வரைக்கும் கேட்டாள். பிறகு அவளுக்கு ஞாபகம் வந்ததைச் சொன்னாள். சில நாள் காப்பி ஆறிப்போனது.

கார் திரும்பி வந்த மறுநாள் காலையில் அவன் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தலைவாரி, சேலை மாற்றிக்கொண்டு வந்து, அவன் கேட்காமலேயே இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அவன் காரை எடுத்தான். வேகத்தடைகளைக் குறுக்கே ஏற்றி இறக்கினான், டீக்கடையை மெதுவாகத் தாண்டினான், ஆறுக்குட்டி அடுப்பை மறந்துவிட்டு எழுந்து நின்று பார்த்தான். பைபாசில் ஏறிய பிறகும் சென்னியப்பன் அறுபதைத் தாண்டவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓரக் கண்ணால் அவள் நெஞ்சைப் பார்த்துப் பார்த்து, முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினான். ஒரு டவுன்பஸ் அவர்களை முந்திக்கொண்டு போனது. பின்னால் தக்காளி ஏற்றின மினி லாரி ஒன்றும் முந்தியது.

மேடு முடிந்து, ரோடு நேராக, ஆள் அரவம் இல்லாமல், இரண்டு பக்கமும் காற்றாலைகள் மட்டும் நிற்க, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கிடந்தது.

சுலோச்சனா அதைப் பார்த்தாள். வேக முள்ளைப் பார்த்தாள். ஸ்பீக்கரையும் ஏசியையும், தையல் பிரியாத தோல் சீட்டையும், இத்தனை வருஷம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக மட்டுமே அறிந்திருந்த அந்தக் காரை முழுசாக ஒரு முறை பார்த்தாள்.

“ஏனுங்க,” என்றாள், “இது இவ்வளவுதான் போகுமா?”

சென்னியப்பன் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான், முன்பக்கம் பார்த்தான், நாய் எதுவும் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற வைத்திருந்த இடது பக்கத் தகட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் கியரை இறக்கி, காலை அழுத்தினான்.